சக்கேயுவின் கணக்கு



எரிக்கோ பட்டணத்துச் சக்கேயுவை அறியாதவர் உங்களில் இல்லை. குள்ளமான மனிதன், ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், சேசுநாதரைக் காண மரத்தில் ஏறினவன். ஆனால் மரத்தை விட்டு இறங்கின பின் அவன் சொன்ன கணக்கைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர். அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷம் 19-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னது ஒரு கணக்கு. தன்னால் வஞ்சிக்கப்பட்டவன் எவனோ, அவனுக்கு நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னது மற்றொரு கணக்கு. முந்தினது தருமம், பிந்தினது கடன். வஞ்சிக்கப்பட்டவனும் ஏழைகளோடு வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும் என்று சக்கேயு சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் வெவ்வேறாகவே வைத்தான்.

இந்த வாரம் இந்த இரண்டாம் கணக்கைப்பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அதை விளக்க அயர்லாந்து தேசத்தில் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். அயர்லாந்து நமக்கு அன்னியமல்ல. 1842-ம் ஆண்டிலேயே அங்கிருந்து கப்பலேறி வந்த கன்னியர்கள் சென்னையில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த நன்றி நமக்கு உண்டு. நன்றியுள்ளவர்கள் உண்மையைக் கேட்கவும் அஞ்சலாகாது.

1868-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அயர்லாந்தில் தொழிற்பள்ளிகள் என்னும் விடுதிகள் ஏற்பட்டன. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், வறுமையில் விழுந்த குடும்பத்துப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகாமல் திரிந்த பிள்ளைகள் ஆகியோரை நீதிமன்றம் அங்கே அனுப்பிவைத்தது. துறவற சபைகள் அவற்றை நடத்தின. தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கட்டியது. மேற்பார்வை செய்ய வேண்டியது கல்வி இலாகா. வெளியே பார்க்கிறவனுக்கு அது தருமகாரியமாகவே தோன்றியது.

உள்ளே நடந்தது வேறு. அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு பல ஆண்டுகள் விசாரித்து, 2009-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி ஐந்து பாகங்கள் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. நீதிபதி ரையன் தலைமையில் முடிந்ததால் அதை ரையன் அறிக்கை என்பார்கள். ஓயாத அடி, பசி, குளிர், அவமானம் ஆகியவை அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆண்பிள்ளைகளின் விடுதிகளில் பாலியல் கொடுமை வேரோடிப் பரவியிருந்தது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றம் செய்தவர்களை வேறிடத்துக்கு மாற்றியதையும், கல்வி இலாகா சபைகளுக்குப் பணிந்து கண்ணை மூடிக்கொண்டதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை. எழுதுகிற எனக்கே கை கூசுகிறது. ஆனால் அந்தக் கூச்சம் செய்தவர்களுக்கு உரியதேயன்றி, பட்ட பிள்ளைகளுக்கு உரியதல்ல.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியங்களை நீங்கள் சிறு வயதிலே படித்திருக்கிறீர்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவத்தை வெளியிடுதல், கடைசியாக அபராதம் தீர்த்தல். பிறர் பொருளை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்க மனதில்லாமல் நூறு முறை மார்பில் தட்டிக்கொண்டாலும் அது நல்ல பாவசங்கீர்த்தனமாகாது. தனி மனிதனுக்கு உள்ள இந்தச் சட்டம் ஒரு தேசத்துக்கும் ஒரு சபைக்கும் இல்லாமல் போகுமோ?

1999-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி அயர்லாந்து பிரதம மந்திரி பெர்ட்டி அஹெர்ன் அரசாங்கத்தின் பேரால் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் என்கிறேன், அப்போது அவர்களில் அநேகர் நரைத்தவர்கள். 2002-ல் ஈடு கொடுப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஏற்பட்ட வாரியத்தினால் 15,000-க்கும் அதிகமானோர் ஈடு பெற்றார்கள். சராசரியாக ஒருவருக்குச் சுமார் 62,000 யூரோ கிடைத்தது. அதே 2002-ல் பதினெட்டு சபைகள் 12 கோடியே 80 லட்சம் யூரோ மதிப்புள்ள பணமும் நிலமும் பிறவும் தருவதென்றும், மற்றப் பொறுப்பை அரசாங்கம் ஏற்பதென்றும் உடன்படிக்கை ஆயிற்று. முடிவில் விசாரணைக்கும் ஈட்டுக்குமாக ஆன மொத்தச் செலவோ ஏறத்தாழ 150 கோடி யூரோ. 2009-க்குப் பின் சபைகள் மேலும் தர முன்வந்தாலும், பாதிப் பங்கை அவர்கள் ஏற்க வேண்டுமென்று அரசாங்கம் கேட்டது நிறைவேறவில்லை. மீதியை அந்நாட்டு மக்களின் வரிப்பணமே சுமந்தது.

பின்பு 2012-ம் ஆண்டுச் சட்டத்தினால் வேறொரு நிதி ஏற்பட்டது. அதன் பெயர் காராநுவா. ஐரிஷ் பாஷையில் புதிய சிநேகிதன் என்று பொருள். சபைகள் கொடுத்த பணத்தில் 11 கோடி யூரோ வரை அதற்கு ஒதுக்கப்பட்டது. முன்னமே ஈடு பெற்றவர்களுக்கு வைத்தியம், படிப்பு, வீட்டைச் செப்பனிடுதல் போன்ற தேவைகளுக்கு அந்த நிதி உதவிற்று. பல் கட்டிக்கொண்டவர்களும் ஒழுகாத கூரையைக் கண்டவர்களும் அதனால் உண்டு. அதை நன்மை அல்ல என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனாலும், பிரியமானவர்களே, கடன் கொடுக்கிற முறை ஒன்று; தருமம் கொடுக்கிற முறை ஒன்று. அங்கே சட்டம் கடன் என்று சொன்னதை, நடத்தை பல வேளைகளில் தருமமாக்கிவிட்டது. மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கடன்காரன் தன் பணத்துக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. ஈட்டு வாரியத்திலோ பட்ட துன்பத்துக்கு இத்தனை, கெட்ட உடல்நலத்துக்கு இத்தனை, இழந்த வாய்ப்புக்கு இத்தனை என்று நூற்றுக்குக் கணக்கிட்டு மார்க்குப் போட்டார்கள். அளவில்லாமல் பணம் கொடுக்க முடியாதுதான். ஏதோ ஓர் அளவு வேண்டும். ஆயினும் ஏழு வயதில் பட்டதை எழுபது வயதில் அன்னியர் முன் எடுத்துச் சொல்லி மார்க்கு வாங்குவது எவ்வளவு கசப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கடனைத் திருப்புகிறவன் இன்ன பொருளை வாங்கிக்கொள், இதற்கு மேல் கேளாதே என்று கட்டளையிட முடியாது. காராநுவா நிதியில் 2016-ம் ஆண்டு ஒருவருக்கு 15,000 யூரோ என்று எல்லை கட்டினார்கள். முன்னே வந்தவருக்கு அதிகமும் பின்னே வந்தவருக்குக் குறைவும் கிடைத்தது. 2018 ஆகஸ்டு மாதத்தோடு புதிய மனுக்களை வாங்குவதும் நின்றுபோயிற்று. தாங்கள் பிச்சைக்காரரைப்போல் நடத்தப்பட்டதாகப் பலர் முறையிட்டார்கள்.

மூன்றாவது, கடன் கொடுக்கிறவன் வாங்குகிறவனுடைய வாயைக் கட்டலாகாது. 2002-ம் ஆண்டுச் சட்டமோ, ஈடு பெற்றவர் தம் மனுவையும் பெற்ற தொகையையும்பற்றிய விவரங்களை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சிறு வயதில் வெளியே சொல்லாதே என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவன், முதிர்ந்த வயதில் அதே சொல்லைச் சட்டத்தின் வாயால் கேட்டால் அவன் மனம் என்ன பாடுபடும்!

2024-ல் மற்றொரு சட்டம் வந்தது. இலவச வைத்தியமும், படிப்புக்கு உதவியும், கடல் கடந்து வாழ்வோருக்கு ஒரு தடவை 3,000 யூரோவும் அதில் உண்டு. அது போதாதென்று 2025-ம் ஆண்டில், அவ்விடுதிகளில் வளர்ந்த நால்வர் டப்ளின் நகரில் பாராளுமன்ற வாசலில் 50 நாட்களுக்கு மேல் ஆகாரம் ஒழித்துக் கிடந்தார்கள். முதுமைக்கால ஓய்வூதியமும் முழு வைத்திய உரிமையும் அவர்கள் கேட்டவை. ஐசுவரியவானுடைய வாசலில் கிடந்த லாசரை நினைவில் கொள்ளுங்கள். லாசர் கேட்டது மேசையிலிருந்து விழும் துணிக்கை. இவர்கள் கேட்டது தங்களுக்கு வரவேண்டிய பாக்கி.

இங்கே உங்களில் சிலர் மனதில் எழும் கேள்விகளை நான் அறிவேன். இவர்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை, இப்போது பணத்துக்காகத்தானே சொல்லுகிறார்கள் என்று ஒருவர் கேட்பார். அப்போது யாரிடம் சொல்வது? அடித்தவனே கதவின் திறவுகோலையும் வைத்திருந்தான். தப்பி ஓடின பிள்ளையைப் பிடித்துத் திரும்ப அங்கேயே சேர்த்தார்கள். சொன்ன பிள்ளையைப் பொய்யன் என்று மறுபடியும் அடித்தார்கள். சொல்லப் பயந்தது பிள்ளையின் குற்றமல்ல; கேட்க மனமில்லாதிருந்தது பெரியோரின் குற்றம்.

இதையெல்லாம் பேசுவது திருச்சபைக்கு அவமானமல்லவா என்று இன்னொருவர் கேட்பார். கட்டியைக் கீறுகிற வைத்தியன் கட்டியை உண்டாக்கினவன் அல்லவே. 16-ம் ஆசீர்வாதப்பர் பாப்பு 2010-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி, அர்ச். சூசையப்பர் திருநாளில், அயர்லாந்து கத்தோலிக்கருக்கு எழுதின நிருபத்தில் இந்தக் குற்றத்தை வெளிப்படையாய்ச் சொன்னார். பிரான்சிஸ் பாப்பு 2018 ஆகஸ்டில் டப்ளின் நகரத் திருப்பலியில் மன்னிப்புக் கேட்டார். பாப்புமார்கள் மறைக்காததை மறைக்க நாம் யார்?

துறவிகள் எத்தனையோ நன்மை செய்தார்களே, அது கணக்கில் வராதா என்று கேட்பவரும் உண்டு. வரும், ஆனால் வேறு கணக்கில் வரும். பத்துப் பிள்ளைக்குச் சோறு போட்ட தகப்பன் பதினோராம் பிள்ளையின் கையை ஒடித்தால், பத்துப் பேருக்குப் போட்ட சோறு அந்தக் கைக்குக் கட்டுப் போடாது.

இது நிற்க. தூர தேசத்துக் கதையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுக் கலைந்துபோக இதை நான் எழுதவில்லை. நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்கு இப்படிப்பட்ட தீங்கு நேரிடும்போது நாம் என்ன செய்கிறோம்? குடும்ப மானம் என்கிறோம். ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். இரு தரத்தாரையும் உட்காரவைத்து, ஒரு தொகையைப் பேசி, இதோடு வாயை மூடிக்கொள் என்கிறார்கள். அது ஈடு அல்ல. பிள்ளையின் வாய்க்குப் போடும் பூட்டு. செய்தவன் அடுத்த பிள்ளையைத் தேடிப்போக அது வழிவிடும்.

நம் நாட்டில் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு இக்குற்றம் நடந்ததென்று அறிந்த எவரும் போலீசாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். என்னிடம் வந்து சொல்லிவிட்டோம், சாமியார் பார்த்துக்கொள்வார் என்று நின்றுவிடாதீர்கள். செய்தவர் குருவானாலும், வாத்தியாரானாலும், சொந்த மாமனானாலும் சட்டம் ஒன்றே. 1098 என்ற எண்ணில் பிள்ளைகளுக்கான உதவி கிடைக்கும். அன்றியும், 2020-ம் ஆண்டு விதிகளின்படி, வழக்கு முடியும் முன்பே பிள்ளையின் வைத்தியத்துக்கும் மறுவாழ்வுக்கும் இடைக்கால ஈடு கொடுக்கும்படி சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் மாநில அரசாங்கம் அதைக் கொடுக்க வேண்டும். குற்றவாளி அகப்படாவிட்டாலும் ஈடு கேட்க இடமுண்டு. இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாங்கின குடும்பத்தைப் பார்த்து, பிள்ளையை வைத்துப் பணம் பண்ணிவிட்டார்கள் என்று ஜாடை பேசுகிற நாவே வெட்கப்பட வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு வீட்டுக்கோ, விடுதிக்கோ, வகுப்புக்கோ போகமாட்டேன் என்று அழுதால், அடிக்கும் முன் ஏன் என்று கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். பெரியோரே, உங்களில் எவராவது சிறு வயதில் பட்டதை இன்றளவும் நெஞ்சிலே அடக்கி வைத்திருந்தால், அது உங்கள் பாவமல்ல என்று அறிந்துகொள்ளுங்கள். அதை நீங்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டியதில்லை. துணைக்கு ஒருவரை வேண்டி என்னிடம் வந்தால் நான் உங்களோடு கூட வருவேன்.

இழந்த பிள்ளைப்பருவத்தை நாலு மடங்கல்ல, நாற்பது மடங்கு கொடுத்தாலும் திருப்ப முடியாது. முழுவதும் தீர்க்கமுடியாத கடன் என்பதால் அது கடன் அல்லாமல் போகாது. கூடியமட்டும் தீர்க்க வேண்டும். தீராத மீதிக்குத் தலைகுனிந்து நிற்க வேண்டும். சக்கேயு தன் கணக்கைச் சொன்ன பிற்பாடே, அந்த வீட்டுக்கு அன்று இரட்சணியம் வந்ததென்று நம் ஆண்டவர் சொன்னார். திருக்குழந்தையைக் கண்ணின் மணிபோல் காத்த அர்ச். சூசையப்பர் நம் வீடுகளையும் விடுதிகளையும் பள்ளிகளையும் காத்து, கொடுக்கவேண்டியதைக் கொடுக்கும் மனதை நமக்குப் பெற்றுத் தருவாராக.

ஆமென்.