மூன்று பெயர் தெரியுமா?



போன ஆடி அமாவாசைக்கு அப்பா தர்ப்பணம் கொடுத்தார். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா தன் அப்பா பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார். மூன்றாவது பெயருக்கு நிறுத்திட்டார். தெரியல. பக்கத்துல நான் கைப்பேசி பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சில வாரம் கழித்து, உடன் படிக்கும் சீன நண்பனோடு சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டுக்குப் போனேன். 1922-இல் திறந்து 1973-இல் மூடப்பட்ட இடம். சுமார் ஒரு லட்சம் கல்லறைகள். சிலவற்றுக்குக் காவலாகத் தலைப்பாகை கட்டிய சீக்கியர் சிலைகள்கூட நிற்கின்றன! நண்பன் ஒரு கல்லைத் துடைத்துப் படித்தான்: இறந்தவர் பெயர், சீனாவில் அவருடைய ஊர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்.

அந்தக் கல்லும் நிரந்தரமில்லை. லோர்னி நெடுஞ்சாலைக்காக அங்கே 3,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். நான் படிப்பது கட்டுமானப் பொறியியல். சாலை ஏன் வேணும்னு எனக்குப் புரியும். ஆனாலும் மனசு கனத்தது.

நாம் உடலை எரித்து, சாம்பலைக் கடலில் கரைக்கிறோம். உடல் நிலையில்லாதது என்று நம் சமயம் சொல்வதை அப்படியே செய்து காட்டுகிறோம். சரிதான். ஆனால் உடலை விடச் சொன்ன அதே சமயம், நன்றியை விடச் சொல்லலையே! இல்லறத்தான் பேண வேண்டியவர்களில் தெய்வத்துக்கும் முன்னாடி தென்புலத்தாரை, அதாவது முன்னோரை, வைக்கிறார் வள்ளுவர். கல்லில் எழுதி வைக்காத நாம் அந்தப் பெயர்களை வாயால்தான் காப்பாத்தணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லணும். தர்ப்பணம் அதுக்குத்தான். ஒரு தலைமுறை கேட்காம விட்டா, அந்தப் பெயர் அதோட போச்சு.

அன்று இரவே பாட்டியிடம் கேட்டேன். ஒரு விநாடிகூட யோசிக்காமல் சொன்னார். "இத்தனை நாளா ஏன் பாட்டி சொல்லல?" என்றேன். "யாருப்பா கேட்டீங்க?" என்றார்.

அந்தப் பெயரை எழுதிப் பூசை அறையில் தாத்தா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வருகிற ஆடி அமாவாசைக்கு அப்பா அதைச் சொல்லுவார். பக்கத்தில் நான் கைப்பேசி இல்லாமல் நிற்பேன்.

நண்பர்களே, உங்க வீட்டில் மூன்று பெயர் தெரியுமா? தெரியலன்னா, பாட்டி தாத்தா இருக்கும்போதே இந்த வாரம் கேளுங்க.