திறந்து வைத்தால் போதுமா?

மென்பொருள் உலகத்தில் ‘கட்டற்ற’ என்றொரு சொல் புழங்குகிறது. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. 1991இல் லினக்ஸ் வந்தது. கதவு திறந்துதான் கிடக்கு, யார் வேணும்னாலும் வரலாம் என்கிறார்கள்.

இந்த வாசகத்தை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் அதை ஏற்றது. குளம் திறந்துவிட்டது, காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தம் மக்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கும் அடி விழுந்தது. தீர்மானம் வேறு, தண்ணீர் வேறு.

கட்டற்ற மென்பொருளின் உரிமம் ஒரு தீர்மானம். குளத்துக்குள் இறங்கும் படிக்கட்டு அதன் கையேடு. அந்தக் கையேடு பெரும்பாலும் இங்கிலீஷில் கிடக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையை நினைத்துப் பாருங்கள். சூளைக்கு எவ்வளவு சூடு, கிளேஸ் எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளின் மண்டைக்குள் இருந்தால், பட்டறைக் கதவு திறந்திருந்து என்ன பிரயோசனம்? மண் சுமக்கிறவள் மண் சுமந்துகொண்டேதான் இருப்பாள்.

அப்படியானால் கையேடு எழுதுவதும் அதைத் தமிழாக்குவதும் தர்மமா, கடமையா? கடமை என்றே சொல்வேன். தெரிந்தவன் தெரிந்ததைப் பொத்தி வைத்ததால் உண்டான ஏற்பாடுதான் சாதி. எழுத்து ஒரு கூட்டத்தின் கையில் நின்றது, உழைப்பு இன்னொரு கூட்டத்தின் முதுகில் ஏறியது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பேர் வைத்தார். அறிவு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதும் அரசியல்தான் என்பதைப் பேரிலேயே காட்டிய பத்திரிகை அது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், மைஎஸ்கியூஎல் பற்றி எளிய தமிழில் து. நித்யா எழுதிய நூலும் காசில்லாமல் கிடைப்பதை நான் அந்த வழியில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஆனால் எந்தத் தமிழில்? அதே மைஎஸ்கியூஎல்லில் ஒரு தரவுத்தளம் சொல்வதை இன்னொன்று அப்படியே படியெடுக்கும். முதலாவதுக்கு ‘மாஸ்டர்’ என்றும் இரண்டாவதுக்கு ‘ஸ்லேவ்’ என்றும் பேர் இருந்தது. கறுப்பின மக்களின் போராட்டம் அமெரிக்க வீதிகளில் எழுந்த 2020இல், அந்தச் சொற்களைக் கைவிடுவதாக அதை உருவாக்குவோர் அறிவித்தார்கள். பைத்தான் 2018லேயே கைவிடத் தொடங்கியிருந்தது. பழைய கையேட்டைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குகிறவர் என்ன எழுதுவார்? ஆண்டான், அடிமை. ஆண்டையின் களத்தில் நின்றவனின் பேத்தி அதைப் படித்துத்தான் கம்ப்யூட்டர் கற்கணுமா? மூலத்துக்கு விசுவாசமா இருக்கணும்னு சொல்றாங்க. படிக்கிறவளுக்கு யார் விசுவாசமா இருப்பது? அகராதியில் பிறந்து அகராதியிலேயே சாகிற தூய சொற்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ‘பாட்டன் பூட்டன் செஞ்ச வெட்டி வேலை போதாதா, கம்ப்யூட்டர்லயும் வெட்டியா?’ இந்த உழைப்பில் பெரிய கம்பெனிகளும் லாபம் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் வெட்டி என்பது வெறும் கூலியில்லாத வேலை அல்ல. முடியாது என்று சொல்ல முடியாத வேலை. விளைந்தது ஆண்டையின் களஞ்சியத்துக்குப் போகும், செய்தவன் பேர் எங்கும் நிற்காது. இங்கே மறுக்கலாம், செய்தது பொதுவில் நிற்கும், பேரும் நிற்கும்.

அதனால் கணக்கு தீர்ந்துவிடவில்லை. ஓய்வு நேரமும் ஒரு சொத்து. சூளையடியிலிருந்து திரும்புகிறவனுக்கு அது கிடையாது. எல்லாரும் சமமாகப் பங்களிக்கலாம் என்று பேசுவது அந்தச் சொத்தை மறைக்கிற பேச்சு. பட்டமும் மாதச் சம்பளமும் உள்ளவர்களுக்கு இது கடமை. இட ஒதுக்கீட்டில் படித்து மேலே வந்த நம்மவர்களும் அதில் அடக்கம். அன்றாடங்காய்ச்சிக்கு இது கூலிக்குரிய வேலை. அவன் தமிழாக்கினால் சேவை என்று கைதட்டி அனுப்பக்கூடாது, காசு கொடுக்க வேண்டும்.

எழுதி முடித்த கையேட்டைப் பத்தாவதோடு நின்றுபோன ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அது தடுக்கி நிற்கிற இடத்தில் திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல, வாக்கியத்தை.