கட்டுதல் என்னும் குற்றம்

ஓரறிவுயிர்க்கும் இரங்குபவர் நாம். இரவில் உண்ணோம், வடிகட்டாத நீரைப் பருகோம், கிழங்கு வகைகளை விலக்குகிறோம். ஆயின், நம்மைப் போன்ற மனிதர் ஒருவர் மனநோயால் அல்லலுறும்போது நாம் எவ்வாறு நடந்து கொள்கிறோம்?

இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. அவற்றுள் கட்டுதலே முதலில் வைக்கப்பட்டுள்ளது.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல், 28 பேர் மாண்டனர். இத்தகைய இடங்களில் நோயாளரைக் கொண்டு சேர்ப்போர் பகைவர் அல்லர், பெரும்பாலும் குடும்பத்தாரே. வேறு வழி அறியாமையே அவர்களை அங்குச் செலுத்துகிறது.

வேறு வழி இன்று உண்டு. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தது. வீடில்லை, ஏற்பாரில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. சென்னையில் 1993இல் தோன்றிய 'தி பேன்யன்' அமைப்பு, நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தோரை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தும் திட்டத்தை 2015இல் தொடங்கியது. உடனிருந்து உதவப் பணியாளரும் உண்டு. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குச் செல்கிறார்கள், அயலாருடன் பழகுகிறார்கள்.

இதற்கு முதலில் வேண்டுவது வீடு. அதைத் தருவோர் யார்? "குழந்தைகள் இருக்கும் வீடாயிற்றே" என்ற தயக்கம் நமக்கும் எழும். அவ்வச்சம் இயல்பே, அதை இகழ்தல் வேண்டா. ஆனால் மனநோயாளருள் மிகப் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துபவர் அல்லர். மருந்தும் துணையும் தவறாது கிடைப்பின் அச்சத்திற்கு இடம் மேலும் குறையும்.

"அவரவர் வினை அவரவர்க்கு" என்பாரும் நம்மிடையே உளர். நோய் அசாதா வேதநீயத்தின் உதயம் என்பது உண்மையே. அதனால் உதவலாகாது எனின், ஔடத தானத்தை ஆன்றோர் ஏன் விதித்தனர்? நோய் அவர் வினைப்பயனாகலாம். அவரை நாம் நடத்தும் முறை நம் வினையாகும்.

சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றோடு உறைவிடத்தையும் நால்வகைத் தானத்துள் வைத்தார். துறவோர்க்குச் செய்யும் தொண்டாகவே அது கூறப்பட்டது. எனினும் துன்புற்றார் அனைவர்க்கும் உரிய கருணை தானமும் நம் நெறியில் உண்டன்றோ? வாடகை பெற்றே வீடு தரினும், பிறர் மூடும் கதவை நாம் திறத்தல் அத்தானத்தின் சாயலே.

நம் இல்லங்களிலும் பின்கட்டு அறையில் மறைத்து வைக்கப்பட்ட அண்ணனோ அத்தையோ இருக்கலாம். திருமணப் பேச்சு தடைப்படுமே என்று பூட்டிய கதவும் ஒரு கட்டே. அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்; பந்தியில் நம்மருகே அமர்த்துவோம்; ஜினாலயத்திற்கு உடனழைத்து வருவோம். காலியாக உள்ள மாடிவீட்டைக் கேட்டு யாரேனும் வந்தால், மறுக்குமுன் அவ்வைந்து குற்றங்களுள் முதலாவதை ஒருகணம் நினைப்போமாக.

அறம் வளர்க!