பாதி புதைந்த குளமும் அதைச் சுற்றிய மண்ணும்

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கொல்லையில் தெரியும் நீச்சல்குளங்களில் பல, தோண்டிக் கட்டியவை அல்ல. நாலரை அடி உயர இரும்புத் தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே லைனர் என்கிற வினைல் விரிப்பைப் பரப்பி, தண்ணீர் விட்டவை. கான்கிரீட் குளத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. குறை ஒன்றுதான்: பார்வைக்கு அது குளமாக இருக்காது, கொல்லையில் யாரோ இறக்கிவைத்துவிட்டுப் போன தொட்டியாகவே இருக்கும். அதனால்தான் அதைப் பாதி புதைக்கும் ஆசை வருகிறது. இரண்டடி கீழே இறக்கினால் விளிம்பு இடுப்புக்குக் கீழே வந்துவிடும். ஏணி ஏற வேண்டாம். சுற்றிச் செடி வைத்தால் தோட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சிலருக்கு இது ஆசையே அல்ல, கட்டாயம். கொல்லை சரிவாக இருந்தால் குளத்துக்கு மட்டமான தரை எங்கே கிடைக்கும்? மேட்டுப் பக்கத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் மண் கொட்டி உயர்த்தினால், எவ்வளவு திமிசு போட்டாலும் அது தண்ணீர்ப் பாரத்தில் அமுங்கும்; வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் தகடு கோணிக்கொள்ளும். எனவே மேட்டை வெட்டுவது, பள்ளத்தை நிரப்பாமல் விடுவது என்பதே அங்கே வேலை தெரிந்தவர்களின் வழக்கம். விளைவு, ஒரு பக்கம் புதைந்து மறுபக்கம் வெளியே நிற்கும் குளம்.

எப்படிப் புதைந்தாலும், செடி எங்கே, கல் எங்கே என்ற கேள்விக்கு முன்னால் அந்தத் தகட்டைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 24 அடி விட்டமுள்ள குளத்தில் நாலடி தண்ணீர் நின்றால் அது சுமார் 51,000 லிட்டர். எடை 51 டன். அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் ஏறக்குறைய 110 கிலோ வெளியே தள்ளுகிறது. இத்தனையையும் தாங்கும் தகட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தாங்குவதன் ரகசியம் வட்டம். தண்ணீர் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் தள்ளுவதால் தகடு முழுவதும் இழுபட்டு நிற்கிறது. இழுவிசைக்கு இரும்பு எளிதில் அசைந்துகொடுக்காது. வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளும் விசைக்குத்தான் அதனிடம் பதில் இல்லை. காலி எண்ணெய் டின்னின் வயிற்றில் கட்டைவிரலை அழுத்தினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகும்.

குளம் நிறைந்திருக்கும்வரை கவலை குறைவு. இரண்டடி ஈரமண் வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தத்தை விட நாலடி தண்ணீர் உள்ளிருந்து கொடுக்கும் அழுத்தம் பெரிது. ஆபத்து, தண்ணீர் இல்லாத நாட்களில். லைனர் பத்து ஆண்டு போல உழைக்கும்; பிறகு மாற்ற வேண்டும். மாற்றக் குளத்தை வடித்தாக வேண்டும். வடித்தால் மண்ணின் கை ஓங்கும். ஆகவே பாதி புதைந்த குளத்தைச் சுற்றி என்ன செய்தாலும், ஒரு நாள் அதைப் பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். தகட்டோடு ஒட்டிக் கான்கிரீட் ஊற்றி அதன் மேல் ஓடு பதித்துப் படம் எடுத்து வைப்பவர்களைப் பார்த்தால், பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் யார் குடியிருப்பார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

மண்ணைவிட மண்ணுக்குள் நிற்கும் நீர்தான் பெரிய எதிரி. மிச்சிகன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையை எடுத்துக்கொள்ளலாம். டெட்ராய்ட்டைச் சுற்றிய புறநகர்களின் அடியில் பழைய பனியாற்று ஏரிகள் விட்டுப்போன களிமண் கனமாகக் கிடக்கிறது. அதில் 28 அடி அகலக் குழி தோண்டி 24 அடிக் குளத்தை வைத்தால், சுற்றிலும் இரண்டடி இடைவெளி மிஞ்சும். தோண்டிய களிமண்ணையே அதில் திருப்பிக் கொட்டினால் மழைநீர் இறங்கி நிற்கும். வெளியேற வழி இருக்காது. குழி ஒரு கிண்ணமாகிவிடும். தண்ணீர் லைனருக்குக் கீழே புகுந்தால் லைனர் மிதந்து சுருக்கம் விழும். குளிர்காலத்தில் அதே ஈரம் உறைந்து பருக்கும். களிமண் கீழிருந்து மேலும் ஈரத்தை இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாக்கிக்கொள்ளும். மிச்சிகனில் வீட்டு அஸ்திவாரத்தை 42 அங்குல ஆழத்தில் வைக்கச் சொல்வது இந்த உறைவுக்குப் பயந்துதான். இரண்டடி புதைந்த குளம் முழுக்க முழுக்க அந்த உறையும் அடுக்குக்குள் நிற்கிறது.

அதனால் இடைவெளியில் கொட்ட வேண்டியது முக்கால் அங்குல ஜல்லி, அதுவும் தூசி இல்லாமல் கழுவியது. மண் பக்கத்துச் சுவரில் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்துவிட்டு ஜல்லியைப் போட்டால் களிமண் கரைந்து வந்து அதை அடைக்காது. குழியின் அடியில், குளத்தைச் சுற்றி, நாலங்குலத் துளைக்குழாய் ஒன்று. துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அடியில் சேரும் நீர்தான் முதலில் குழாய்க்குள் ஏற வேண்டும். நூறடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்தால் போதும். இந்த ஏற்பாட்டை அங்கே ‘பிரெஞ்சு வடிகால்’ என்கிறார்கள். பிரான்ஸ் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1859-இல் பண்ணை வடிகால் பற்றிப் புத்தகம் எழுதிய ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்ற மாசசூசெட்ஸ்காரரின் பெயர் அது. குழாயின் மறுமுனை சரிவின் கீழே வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். தட்டையான மனை என்றால் ஒரு சம்ப் தோண்டி அதில் சிறு மோட்டார் வைக்க வேண்டியதுதான். வாய் இல்லாத வடிகால் புதைத்துவைத்த தண்ணீர்த் தொட்டி. அதற்குக் களிமண்ணே தேவலை.

ஜல்லியைக் கொட்டும்போதும் அவசரம் கூடாது. உள்ளே ஓரடி தண்ணீர் ஏறியதும் வெளியே கொஞ்சம், பிறகு மேலும் தண்ணீர், மேலும் கொஞ்சம் என்று இரண்டும் கூடவே உயர வேண்டும். வட்டம் முழுக்கச் சம உயரத்தில். ஒரே பக்கத்தில் லாரியிலிருந்து சரித்துவிட்டுப் பிறகு வாரிப் பரப்புவது தகட்டைக் கோணலாக்கும் நிச்சயமான வழி.

மேற்பரப்பின் வாட்டமும் குளத்தைவிட்டு விலகியே இருக்க வேண்டும். வீட்டைச் சுற்றிய நிலம் முதல் பத்தடிக்கு ஆறு அங்குலம் தாழ வேண்டும் என்பது அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதியின் கணக்கு. குளத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். சரிவான கொல்லையில் மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் நீரைக் குளத்துக்கு ஆறேழு அடி முன்னாலேயே ஆழமில்லாத புல் வாய்க்கால் ஒன்றால் மறித்து இரு பக்கமும் பிரித்துவிட வேண்டும். இந்த வாய்க்கால் செலவில்லாதது, அழகானதும்கூட. ஆனால் பலரும் இதைச் செய்யாமல் நேரே செடிக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்து, தோண்டிய மண்ணை என்ன செய்வது? 28 அடி அகலக் குழியை இரண்டடி தோண்டினால் சுமார் 35 கன மீட்டர் மண் வரும். தளர்ந்தபின் அது நாற்பதைத் தாண்டும். லாரி வைத்து வெளியேற்றக் காசு கொடுக்க மனம் வராது. குளத்தின் விளிம்பில் சாய்த்து மேடாக்கிச் செடி நடத் தோன்றும். தகட்டின் மேல் சாயும் மண்ணாக அது இருக்கக் கூடாது. கொல்லையின் எல்லையோரம் நீளமாக, தாழ்வாக ஒரு மேடு போட்டால் அண்டை வீட்டுப் பார்வையும் மறையும். சரிவை வெட்டிய பக்கத்தில் மண்ணைத் தாங்கத் தனியாக ஒரு தாங்குசுவர் வேண்டும். அது குளத்திலிருந்து இரண்டு மூன்றடி தள்ளியிருந்தால் தகட்டின் மேல் மண்ணே படாது. அந்த இடைவெளியைத் திறந்தே வைத்து மேலே கழற்றக்கூடிய மரப்பலகைத் தளம் போடுவதுதான் என் கண்ணுக்குச் சிறந்த ஏற்பாடு. இலை சேரும், தவளை குடியேறும். ஆனால் ஒரு போல்ட் துருப்பிடித்தால் கை உள்ளே போகும்.

தாங்குசுவர் மரம் என்றால் ஒரு எச்சரிக்கை. 2003 முடிவோடு ஆர்செனிக் கலந்த மரப் பதப்படுத்தலை வீட்டு உபயோகத்திலிருந்து அமெரிக்காவில் விலக்கிக்கொண்டார்கள். அதன் இடத்தில் வந்தவை தாமிரம் மிகுந்தவை; அவை கால்வனைஸ் செய்த இரும்பையும் அலுமினியத்தையும் வேகமாக அரிக்கும். பதப்படுத்திய மரம் குளத்தின் தகட்டைத் தொடவே கூடாது.

இனி, அழகுக்காகப் புதைப்பவர்கள் எதிர்பாராத ஒரு திருப்பம். பல ஊர்கள் தழுவியிருக்கும் சர்வதேச நீச்சல்குள விதித்தொகுப்பு, குளத்தைச் சுற்றி 48 அங்குலத் தடுப்பு கேட்கிறது. தரைக்கு மேல் முழு உயரமாக நிற்கும் குளத்துக்கு அதன் சுவரே தடுப்பு. ஏணியைக் கழற்றிவிட்டால் அல்லது பூட்டிவிட்டால் குழந்தை உள்ளே போக வழியில்லை. 52 அங்குலக் குளத்தை 24 அங்குலம் இறக்கினால் மிச்சம் 28. அன்றிலிருந்து அது திறந்த கிணறு. தானாகச் சாத்திக்கொள்ளும், தானாகத் தாழ் விழும், வெளிநோக்கித் திறக்கும் கதவோடு வேலி போட்டாக வேண்டும். வேலிக்கு வெளியே ஒட்டி வைக்கும் பூந்தொட்டி, பாறை, திண்ணை எல்லாம் ஏறுபடி என்பதால் மூன்றடிக்கு அவை இருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. இறக்காத குளத்துக்கும் இது பொருந்தும்: சுவரோடு ஓரடி மண் அணைத்தால் தடுப்பின் உயரம் ஓரடி போயிற்று.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அந்த மண்ணில் உண்டு. குளத்தின் உட்சுவரிலிருந்து 18 முதல் 24 அங்குல தூரத்தில், நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்தில், உறையில்லாத கெட்டித் தாமிரக் கம்பி ஒன்று வட்டமாக ஓடும். தண்ணீருக்கும் ஈரத்தரைக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு வராமல் சமப்படுத்தும் கம்பி இது. தேசிய மின்விதித் தொகுப்பின் 680-ஆம் பிரிவு கேட்பது. செடி நட மண்வெட்டி இறங்கும் ஆழமும் அதுவே. வெட்டுப்பட்டால் மோட்டார் வழக்கம்போல ஓடும், விளக்கு எரியும். வெறுங்காலோடு இறங்குபவருக்குத்தான் தெரியவரும். எனவே முதல் மூன்றடியில் குழி தோண்டி நடும் செடியே வேண்டாம். தோண்டும் முன்னர் 811-ஐ அழைப்பது அமெரிக்கா முழுக்க உள்ள வழக்கம். ஆட்கள் வந்து மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம் என்று கொடி நட்டுப் போவார்கள். ஆனால் உங்கள் தாமிரக் கம்பிக்கு அவர்களிடம் கொடி இல்லை. குளம் வைக்கும் நாளிலேயே படம் எடுத்துவைத்துக்கொள்வது உத்தமம்.

அந்த மூன்றடி வளையத்தில் ஜல்லியின் மேல் உருண்டைக் கூழாங்கல் போதும். புல்லை விளிம்புவரை விட்டால் வாரம் ஒருமுறை நைலான் நூல் சுழலும் புல்வெட்டி தகட்டின் பூச்சைச் சுரண்டும். துரு அங்கிருந்து தொடங்கும். மரச்சீவல் காற்றில் பறந்து வடிகட்டிக்குள் போகும்.

வளையத்துக்கு வெளியே செடிகள். கட்டையாகக் குத்தாக வளர்வன நல்லவை: டேலில்லி, செடம், 2001-இல் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக அறிவிக்கப்பட்ட கார்ல் போர்ஸ்டர் புல். வில்லோ, பாப்லர், சில்வர் மேப்பிள், வேரோடி மூங்கில் இவை வேரைத் தண்ணீருக்கு அனுப்பும், பக்கத்தில் வேண்டாம். லாவண்டர் மணக்கும்தான், ஆனால் வெறுங்கால் நடமாடும் இடத்தில் தேனீயை அழைப்பானேன்.

தனியாகச் சொல்ல வேண்டியது கோரை. நம் வயல்களில் வெட்ட வெட்ட முளைத்து உழவரை அழவைக்கும் கோரையின் நெருங்கிய உறவான மஞ்சள் கோரை அமெரிக்கப் புல்தரைகளில் பரவலாக உண்டு. அதன் முளையின் கூர்நுனி லைனரைத் துளைத்துக்கொண்டு குளத்துக்குள் வந்துவிடும். பிடுங்கினால் தாள் கையோடு வரும், கிழங்கு மண்ணில் தங்கும். கோரை இருந்த மேல்மண்ணை வாரி மேடு போட்டால் கிழங்கையும் சேர்த்தே விதைத்தாயிற்று. ஆகவே மேல் ஓரடி மண் மட்டும் லாரியில் வெளியே போகட்டும். அந்தக் காசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியாக மோட்டார். தரைமேல் குளங்களுக்கு வரும் மோட்டார்கள் பெரும்பாலும் தாமாக நீரை உறிஞ்சி எடுப்பவை அல்ல. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் ஓடும். இரண்டடி மட்டும் இறக்கினால் தரையில் வைத்த மோட்டார் இன்னும் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும், மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரும் மண்ணுக்கு மேலே தெரியும். அதற்கும் கீழே இறக்க நினைப்பவர் வேறு மோட்டார் வாங்க வேண்டும். மோட்டாரைச் செடி வைத்து மறைக்கலாம். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்க இடம் விட்டு மறைக்க வேண்டும். மணல் வடிகட்டியைக் கழுவிவிடும் நீர் குளோரினோடு வருவது என்பதால், அந்தக் குழாயின் வாயைச் செடிகளின் பக்கம் திருப்பாமல் புல்தரையின் தூர மூலைக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.