அந்தக்கரணத்துக்கு மருந்து

திண்டிவனத்துக்குத் தெற்கே வராக நதிக்கரையில் இருக்கும் திருவக்கரைக்குப் பௌர்ணமிதோறும் ஜனங்கள் திரண்டு போகிறார்கள். கோயில் சந்திரமௌலீஸ்வரருடையது என்றாலும் பெரும்பாலோர் போவது வக்கிரகாளியைப் பார்க்கத்தான். அந்தக் காளியின் காதில் குண்டலமாகத் தொங்குவது ஒரு சிசு. தலபுராணம் அதற்குக் காரணம் சொல்கிறது. வக்கிராசுரனின் தங்கை துன்முகியை வதம் செய்ய வேண்டிய வேளையில் அவள் கர்ப்பிணியாக இருந்தாள். கர்ப்பிணியைக் கொல்லச் சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே காளி சிசுவை வெளியே எடுத்துக் காதில் அணிந்துகொண்டு, அதன் பிறகே தாயை வதைத்தாள். கதை கொடூரமானது; அதன் தர்க்கம் மட்டும் பிசகாதது. இருவரும் ஓருடலில் இருக்கும்வரை ஒருவருக்குச் செய்வது மற்றவருக்கும் செய்ததாகும். அவர்களைப் பிரித்து வைத்துத் தனித்தனியே கணக்குத் தீர்ப்பது தெய்வத்துக்கு மட்டுமே சாத்தியம். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம், "உனக்காக மாத்திரை போடுகிறாய், வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பார்த்தாயா?" என்று கேட்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மாத்திரையின் பலன் தாய்க்கு, பாதகம் பிள்ளைக்கு என்று இரண்டு பேரேடுகள் அவர்கள் கையில் இருக்கின்றன.

நோய் இன்னதென்று முதலில் தெளிவாக வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குச் சோறு இறங்காது, தூக்கம் கெடும், எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. எல்லாவற்றையும் மசக்கையில் சேர்த்துவிடுவது நம் வழக்கம். ஆனால் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை அசைவதைக் கூட உணர்ச்சியில்லாமல் கவனித்துக்கொண்டு, தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று ஒருத்தி நம்பத் தொடங்கினால் அது மசக்கை அல்ல. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும், பிரசவமானவர்களில் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, உண்டாவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் நிகழும் தற்கொலையைத் தாய்மரணத்தின் நேரடிக் காரணங்களில் ஒன்றாக அந்நிறுவனம் 2012-இல் வகைப்படுத்தியது. தாய்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் கேரளத்து மகப்பேறு மருத்துவர்களும் அதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டிருக்கிறார்கள். ரத்தப்போக்கையும் ரத்தக்கொதிப்பையும் போல இதுவும் கொல்லக்கூடிய நோய்.

அப்படியானால் இரும்புச்சத்து மாத்திரைக்கும், தைராய்டு மாத்திரைக்கும், சர்க்கரைக்குப் போடும் இன்சுலினுக்கும் இல்லாத தர்மசங்கடம் இந்த மாத்திரைக்கு மட்டும் ஏன்? மனம் என்பது நாமேதான் என்ற எண்ணம் காரணம். சுரப்பி கெட்டால் உடம்பு கெட்டது. மனம் கெட்டாலோ ஆளே கெட்டதாகப் பேச்சு. இந்த எண்ணத்தை மறுக்க வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. திருவக்கரை இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில், 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். ஆன்மா அந்தக்கரணங்களில் எதுவும் அல்ல என்பது அதன் நான்காம் சூத்திரம் நிறுவும் செய்தி. அந்தக்கரணங்களான மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்கள். ஆன்மா அவற்றைக் கொண்டு அறிகிறது, நினைக்கிறது. அவையே ஆன்மா ஆவதில்லை. சைவ சித்தாந்தக் கணக்கில் கண் எப்படி ஒரு கருவியோ அப்படியே மனமும் ஒரு கருவி, உள்ளே இருப்பதால் அகக்கருவி. கருவி பழுதுபட்டதற்காக அதைக் கையாள்பவரின் ஒழுக்கத்தையோ பக்தியையோ தாய்ப்பாசத்தையோ சந்தேகிப்பது, சைவம் படித்த ஊரில் நடக்கக் கூடாத தவறு. கண்ணில் புரை விழுந்தால் அரவிந்த் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வீடு, மனத்தில் விழுந்த புரைக்கு மட்டும் நெற்றியில் விபூதி பூசி, "தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டு நிற்பதற்குச் சாஸ்திர ஆதாரம் கிடையாது.

கருவிக்கு மருந்து தரலாம் என்று ஒப்புக்கொண்டாலும், அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறதே என்ற கேள்வி நிற்கிறது. போகத்தான் செய்கிறது. ஆனால் நோயும் அதே வழியில்தான் பிள்ளையை எட்டுகிறது. சாப்பிடாத, தூங்காத, பரிசோதனைக்குப் போகாத உடம்புக்குள்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. மருந்து பெறாத மனச்சோர்வுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைவான குழந்தைக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தின் பக்கம் பார்த்தால், 2005-இல் மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸிட்டின் என்ற மருந்தைப் பற்றி, இதயக் குறைபாட்டுக்கு வாய்ப்புண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதன் பிறகு பயம் இந்த வகை மருந்துகள் அனைத்தின் மீதும் படிந்துவிட்டது. 2014-இல் சுமார் 9 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்கக் கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மனச்சோர்வு நோயின் பங்கைக் கழித்துப் பார்த்தால் இதயக் குறைபாட்டில் சொல்லும்படியான கூடுதல் தெரியவில்லை. பிறந்த சிசுவின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் குறையாமல் நிற்கும் அரிய கோளாறு, மருந்து சாப்பிடாத தாய்மாரின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 2 என்றால், செர்ட்ராலின் போன்ற இந்த வகை மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 3. அதைக்கூட மருந்தின் மீது மட்டும் ஏற்ற முடியவில்லை. கடைசி மாதங்களில் மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குப் பிறந்த சில நாட்கள் நடுக்கமும் சிணுங்கலும் இருக்கலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆட்டிசம் பற்றிய அச்சத்தை, சுவீடனில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வு சோதித்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், மருந்து எடுத்த கர்ப்பத்தில் பிறந்ததையும் எடுக்காத கர்ப்பத்தில் பிறந்ததையும் ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு கரைந்துபோனது. மறுபக்கம், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த வரலாறுள்ள 201 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் மீண்டது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு. இவர்கள் நோய் கடுமையாக இருந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லேசான சோர்வுக்கு மருந்தே வேண்டியிருக்காது, பேச்சுவழிச் சிகிச்சை போதும். எல்லா மனநல மருந்துகளும் ஒன்றல்ல. இருதுருவ நோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் கருவுக்கு உண்மையாகவே கெடுதல். பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு உண்டாக்கக்கூடியது. அதையும் செர்ட்ராலினையும் "நரம்பு மாத்திரை" என்று ஒரே பெயரில் அழைப்பது இரண்டு பக்கமும் ஆபத்து.

சரி, துன்பம் வினைப்பயன், அதை அனுபவித்துத்தானே தீர்க்க வேண்டும் என்பார்கள். இந்த வாதத்துக்குச் சைவத்திலேயே வலுவான துணை உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் இறைவனை மருத்துவனாகக் காட்டுகிறார்: சில நோய்களை மருத்துவன் அறுத்துக் கீறித் தீர்ப்பான், சில நோய்களுக்குப் பாலும் வெல்லமும் கலந்து தந்து தீர்ப்பான், இறைவனும் அவ்வாறே துன்பமும் இன்பமும் ஊட்டி வினையைக் கழிக்கிறான். துன்பமே இறைவன் தரும் மருந்து என்றால் மாத்திரை எதற்கு? ஆனால் அந்தப் பாடலில் மருந்து இரண்டு வகை. இந்தப் பெண்ணுக்கு விதித்தது கத்திதான், பாலும் வெல்லமும் அல்ல என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ தீர்மானிப்பது எந்த அதிகாரத்தில்? நோய் வினைப்பயன் என்றால் வைத்தியர் கிடைத்ததும் வினைப்பயன்தான். திண்டிவனம் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பதை மட்டும் வினையின் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியாது. பொறுத்துக்கொள்வது தவம் என்பதும் இந்த இடத்தில் செல்லாது. செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கிறவர் தானே வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி, விரதமிருந்து, தெளிந்த மனத்தோடு நெருப்பில் இறங்குகிறார். மனச்சோர்வோ அந்தத் தெளிவைத்தான் முதலில் தின்கிறது. விரும்பி ஏற்காத துன்பத்துக்குத் தவம் என்று பெயர் சூட்டுவது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் வசதி. இஸ்லாத்தில் நோய்க்கு மருத்துவம் தேடும்படி நபிகளின் அறிவுரையே இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூல், மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவர், அறிவுள்ளவர் அதை இகழமாட்டார் என்கிறது. மேல்மலையனூர் அங்காளம்மனிடம் அமாவாசை இரவில் வேண்டிக்கொண்டு வருவதற்கும் மறுநாள் மாத்திரை போடுவதற்கும் பகையில்லை. 28 மனநோயாளிகள் சங்கிலியில் கட்டுண்டபடி தீயில் கருகிய 2001-ஆம் ஆண்டு துயரத்துக்குப் பிறகு, ஏர்வாடி தர்காவிலேயே துஆ என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தாய் தன் உடம்பில் எதையும் ஏற்கலாம். சம்மதம் சொல்ல வாயில்லாத உயிருக்குச் சிறிய ஆபத்தையும் ஏற்றி வைக்க அவளுக்கு உரிமை உண்டா? தாலிடோமைடு மருந்தை யாரும் மறக்கவில்லை. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கு நல்லதென்று கொடுக்கப்பட்ட அதை 1961-இல் திரும்பப் பெறுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தார்கள். பத்திரமானது என்று விஞ்ஞானம் சொன்னது அப்போதும் நடந்ததுதானே? இதற்கு விடை தேட, தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூரை நினைக்கலாம். அதுவும் இந்த மாவட்டம்தான். கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கும் அஞ்சும் சமயம் சமணம். அதன் தத்துவார்த்த சூத்திரம், அசட்டையோடு உயிருக்கு ஊறு செய்வதையே ஹிம்சை என்று வரையறுக்கிறது. பார்த்து அடியெடுத்து வைத்தவனையும் பாராமல் மிதித்தவனையும் அது ஒரே தட்டில் வைக்காது. தாலிடோமைடின் பாவம் மருந்து கொடுத்ததில் இல்லை; கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்க்காமல் பத்திரம் என்று விற்ற அசட்டையில் இருந்தது. இன்று லட்சக்கணக்கான பிரசவங்களைக் கவனித்து, எது எவ்வளவு என்று எண்ணி, குறைந்த அளவில் ஒரே மருந்தைத் தேர்ந்து, பிறந்த குழந்தையையும் சில நாள் கண்காணிப்பில் வைக்கும் மருத்துவம் அந்த அசட்டைக்கு எதிர்ப்பதம். மருந்தை மறுத்தால் கை சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இதில் தவறு. மருந்து கொடுக்காமலிருப்பதும் பிள்ளையின் சம்மதம் கேட்காமல் எடுக்கும் முடிவுதான். எண்ணிப் பார்க்காமல் எடுத்தால் அதுவும் அசட்டையே.

இந்த வாதங்களில் எனக்கு மிகவும் கடினமாகத் தெரிவது சமயவாதிகளுடையது அல்ல. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் சந்தித்து எழுதிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு சேர்ந்து நின்றவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைக்கு உதவி இல்லாமை. அப்படியானால் வீட்டில் இருக்க வேண்டிய வெட்கத்தை ஒரு மாத்திரையாக்கி அவள் தொண்டையில் இறக்குகிறோமா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். மாத்திரை மாமியாரை மாற்றாது, மகன் வேண்டுமென்ற ஆசையைக் குறைக்காது. ஆனால் அவை மாறும்வரை இவள் காத்திருக்கட்டும் என்றால் சீர்திருத்தத்தின் செலவை அவள் தலையில் கட்டுகிறோம். வயலில் நின்ற தண்ணீரால் மலேரியா வந்தவளுக்கு, வயல் வடியட்டும் என்று மருந்தை நிறுத்தி வைப்பாரில்லை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் முடியும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகிர்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். மற்ற மூன்றும் நாலாவதன் வேலையைச் செய்ய முடியாது. கணவனும் மாமியாரும் வர வேண்டிய இடம் அது.

அந்த நாலாவது இடத்தின் அருமை நம் மரபுக்குத் தெரியாததல்ல. விழுப்புரம் மாவட்டத்து அங்கன்வாடிகள் மூலம் அரசே நடத்தும் சமுதாய வளைகாப்பில், சந்தனம் பூசி, குங்குமமிட்டு, இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் பரிமாறுகிறார்கள். ஆயுர்வேத ஆசிரியர்களான சரகரும் சுசுருதரும் கர்ப்பிணியின் ஆசைகளை மறுத்தால் கருவுக்கு ஊறு என்றார்கள். கருவிலேயே நாரதரிடம் பாடம் கேட்டவனாகப் பிரகலாதனைப் புராணம் பேசுகிறது. தாயின் மனம் பிள்ளையை எட்டும் என்பதை இவ்வளவு உறுதியாக நம்பும் சமூகம், அந்த மனத்தின் நோயை மட்டும் பிள்ளைக்குச் சம்பந்தமில்லாத அவளது சொந்த விஷயமாக ஆக்குவது விந்தை. வளைகாப்பு செய்வதை மருந்து செய்யாது, மருந்து செய்வதை வளைகாப்பும் செய்யாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியோ புதுச்சேரி ஜிப்மரோ, மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்துக்கு அவளை அழைத்துப் போவதும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேச வைப்பதும் வீட்டாரால் ஆகக்கூடியவை. ஆகாதது ஒன்று: கர்ப்பம் உறுதியானதும் யாரையும் கேட்காமல் மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் போடுவது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் முதலில் வரும். பின்னால் நோயே திரும்பி வரலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளியின் சிகிச்சையை அவரிடமே விட்டிருக்கிறது. வீட்டுத் தலைவரிடம் அல்ல.

பழி விழும் விதத்தையும் கவனிக்க வேண்டும். எந்த மருந்தும் தொடாத தாய்மாருக்கும் நூறு பிரசவத்தில் மூன்று அளவில் பெரிய பிறவிக் குறைபாடுகள் நேர்கின்றன. அப்படி ஒன்று மருந்து சாப்பிட்டவளுக்கு நேர்ந்தால் ஊரே மாத்திரையைக் கைகாட்டும், அவளும் ஆயுளுக்கும் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவாள். மருந்து மறுக்கப்பட்டு, எட்டாம் மாதத்தில் ஒன்றரைக் கிலோவில் குழந்தை பிறந்து, தாய் அதைத் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் வீட்டில், மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே அது விதி.