லிவரில் கொஞ்சம் தளர்வு

இரவெல்லாம் நின்ற வண்டி. சாவி அணைந்திருக்கிறது. இடக்கை கிளட்ச் லிவரைக் கடைசிவரை பிடித்திருக்க, வலக்கால் கிக்கரை அழுத்துகிறது.

கிக்கர் கனக்கிறது. உள்ளே பிஸ்டனும் சேர்ந்து அசைகிறது. கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலோடு ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன.

இன்னொரு மிதி.

இன்னொன்று.

கால் எதிர்ப்பில்லாமல் இறங்குகிறது. பிளேட்டுகள் விலகிவிட்டன. பாதத்துக்கு மட்டும் தெரிகிறது.

*

சோமனூர். இரவு ஷிப்ட் இன்னும் முடியவில்லை. சந்தின் இரு பக்கமும் விசைத்தறிகள். அந்தச் சத்தத்துக்குள் கியர் பாக்ஸ் சொல்வது காதுக்கு எட்டுவதில்லை. உள்ளங்காலால் கேட்க வேண்டியிருக்கிறது.

*

புல்லட் 350. கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். முதல் கியர் மேலே. மற்ற மூன்றும் கீழே.

இந்த நாலு கியர் பெட்டி பர்மிங்காமின் ஆல்பியன் வார்ப்பில் வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் 1970இல் தயாரிப்பு நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை.

ஒரு நாடு விட்டுவிட்ட கால் பழக்கம், நொய்யல் ஓரத்து ஊர் ஒன்றில், ஒரு வலக்காலில் இருக்கிறது.

*

முதல் கியர் போடுகையில் டக்கென்று ஓர் அடி. வண்டி துள்ளுகிறது.

நின்ற இடத்தில் நியூட்ரல் விழ மறுக்கிறது.

கியர் பாக்ஸைப் பிரித்துவிடலாம் என்று ஓர் எண்ணம். வருகிறது. அதன்பாட்டுக்கு இருக்கட்டும்.

*

கியர் முரண்டினால் பெரும்பாலும் கோளாறு கியரில் இல்லை. லிவரைப் பிடித்த பிறகும் கிளட்ச் முழுதாக விலகாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் ஒன்றின் மேல் பல்லைக் கொண்டுபோய் வைத்தால் அடி கேட்காமல் என்ன செய்யும்.

ஓரிடத்தில் வலிக்கிறது. இன்னோர் இடத்தில் காரணம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள்.

*

வலப்பக்கம், கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லிவர். நியூட்ரல் பைண்டர். இரண்டிலோ மூன்றிலோ நாலிலோ வண்டி இருந்தால் ஒரே அழுத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடும். முதல் கியரிலிருந்து வராது.

ஆகவே இரண்டாவது கியரிலேயே நிற்கப் பழகுகிறது கால். நின்று, அழுத்தி, கிளட்சை விடுகிறது.

இந்தச் சின்ன லிவரைச் செய்த யாரோ ஒருவர், சிக்னலில் நிற்பவனின் களைப்பை நினைத்திருக்கிறார்.

*

கேபிளின் வாய்.

லிவரிலிருந்து உறைக்குள் நுழையும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ. நகத்தால் சுரண்டினால் திரியாக வருகிறது. பஞ்சு.

தறிக்கூடத்தின் தூசி. சட்டைக் காலரில், சன்னல் கம்பியில், புளிய இலையில் படிவது கேபிளின் கிரீஸிலும் படிந்திருக்கிறது. மெல்ல மெல்ல உள்ளே போயிருக்கிறது. விரல் நடுவில் உருட்டினால் கம்பளித் துண்டின் இறுக்கம்.

கம்பி நரம்புகளில் ஒன்று அறுந்து சுருண்டிருக்கிறது. அந்த ஒற்றை நரம்புதான் உறையின் விளிம்பில் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. கை அதைக் கிளட்சின் கனம் என்று எண்ணியிருந்தது.

*

புதுக் கேபிள். உறையின் வாயில் ஆயில் சொட்டுகள். செங்குத்தாகத் தொங்கவிட்டால், நேரம் எடுத்துக்கொண்டு மறுமுனையில் ஒரு துளி எட்டிப் பார்க்கிறது.

அதுவரை வேறு வேலை இல்லை.

*

லிவரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். எதுவும் செய்யாத அசைவு. அது இல்லாவிட்டால் கையை எடுத்த பின்னும் கிளட்ச் பாதி விலகியபடியே இருக்கும். பிளேட் வழுக்கும். கியர் பாக்ஸின் துளையுள்ள தண்டுக்குள் ஓடும் புஷ் ராடு ஓய்வில்லாமல் அழுத்தப்பட்டு, முனை சூடேறித் தேயும்.

அதிகமானாலும் ஆகாது. அப்போது கிளட்ச் விலகாது. மறுபடி டக்கென்று அந்த அடி.

திருகை மெல்லத் திருப்புகிறேன். லிவர் ஆடுகிறது. ஆடி, ஓரிடத்தில் எதிர்ப்பைத் தொடுகிறது.

*

ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி தானே நின்றுவிடும். நூல் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க அதில் ஒரு சிறு கம்பி முள் உண்டு. கிளட்சுக்கு அப்படி ஏதும் இல்லை. வழுக்கிக்கொண்டே ஓடும். கருமத்தம்பட்டி வழியில், பின்னால் காடா துணிக் கட்டோடு, இஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. உடம்பு அதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கவனிப்பதில்லை.

*

இடப்பக்க மூடி.

இத்தனை பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டு. அதற்கு முன்னால் பிரேக் பெடலும் புட்ரெஸ்டும் கழற்றப்பட வேண்டும். கீழே தட்டு வைத்தாகிவிட்டது. நட்டு தளர்கிறது. ஆயில் முதலில் சொட்டாகவும், பிறகு கயிறாகவும் இறங்குகிறது.

கருப்பு. வாசனையில் கருகல் இல்லை. நல்லது.

*

உள்ளே இரட்டை வரிசைச் செயின். பின்னால் கிளட்ச் டிரம்.

லிவரைப் பிடிக்கையில் பிரஷர் பிளேட் எழுகிறது. பிடித்தபடியே கிக்கரைக் கையால் அழுத்துகிறேன். பிளேட் சுழல்கிறது. சுழலும்போது ஆடுகிறது. ஒரு பக்கம் நன்றாக எழுகிறது, எதிர்ப்பக்கம் எழுவதே இல்லை. எழாத பக்கத்தில் பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருக்கின்றன.

இழுப்பின் இன்னொரு வேர்.

*

ஸ்பிரிங்குகள் செய்தித்தாளின் மேல் வரிசையாக நிற்கின்றன. ஒன்று மட்டும் குள்ளம். நூலிழை அளவு.

அதை மட்டும் மாற்றினால் புதியது மற்றவற்றை விட உயர்ந்து நிற்கும். ஆட்டம் திசை மாறுமே தவிரப் போகாது. ஆகவே எல்லாமே புதிது. பழையவற்றை எறிய மனம் வருவதில்லை. டப்பாவில் போட்டு மூடுகிறேன்.

*

டிரம்மின் பள்ளங்களில் விரல் நுனி.

பிளேட்டின் காதுகள் நகர்ந்து நகர்ந்து இரும்பில் படி படியாகத் தடம் பதித்திருக்கின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நகம் தட்டுகிறது. ஒன்று. இன்னொன்று. பிளேட் விலக முயலும்போதெல்லாம் இந்தப் படிகளில் மாட்டி நின்றிருக்கிறது.

அரத்தை வைத்து மெதுவாக. ஓர் இழுப்பு, நகத்தால் ஒரு தடவல். அதிகம் அராவினால் காதுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி கூடி, இன்னும் வேகமாகத் தேயும். எங்கே நிறுத்துவது என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. நகம் தட்டாதபோது கை நிற்கிறது.

*

கரண்ட் போகிறது.

ஒவ்வொரு தறியாக ஓய்கிறது. பிறகு எதுவும் இல்லை. இத்தனை பெரிய மௌனம் ஊருக்குள் எங்கே இருந்தது.

பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டு, கியரை மாற்றிப் பார்க்கிறேன். மேலே, ஒன்று. கீழே, இரண்டு. உள்ளே பல்லும் பல்லும் சேரும் ஒலி இப்போது தெளிவாக இருக்கிறது. மூன்று போகும்போது ஒரு வெற்றுச் சொடுக்கு. கியர் விழவில்லை. இரண்டிலும் இல்லை, மூன்றிலும் இல்லை. பால்ஸ் நியூட்ரல்.

இது கிளட்ச் இல்லை.

*

கியர் பாக்ஸில் கிரீஸ். பழைய கையேடுகள் கிரீஸைத்தான் சொல்கின்றன. பட்டறைகளில் 90 கியர் ஆயிலையும் கலக்கிறார்கள். கெட்டியான கிரீஸ் பல்லில் பட்டு ஓரமாக ஒதுங்கிவிடும், திரும்பி வராது. மார்கழிக் காலையில் கியர் சோம்பி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று மார்கழி இல்லை. பெட்டியில் ஆயிலும் போதுமான அளவு இருக்கிறது.

*

வலப்பக்க வெளி மூடிக்குள் ரேச்செட். அதன் அசைவை நிறுத்தும் ஒரு தகடு, நீள்துளைகளில் உட்கார்ந்திருக்கிறது. துளை நீளமாக இருப்பது நகர்த்துவதற்காகத்தான். ஒரு பக்கம் நகர்ந்தால் கியர் ஏற்றுவது சரியாகி, இறக்குவது கெடுகிறது. மறுபக்கம் நகர்ந்தால் நேர்மாறு. நடுவில் எங்கோ ஓர் இடம், இரண்டும் ஒத்துக்கொள்கிற இடம்.

முதலில் பழைய இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வைக்கிறேன். பிறகுதான் போல்ட்டைத் தளர்த்துவது.

நகர்த்தல். இறுக்கல். சக்கரம், லிவர், காது.

மூன்று விழுகிறது.

நாலு விழுகிறது.

திரும்பி வருகையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு, அந்த வெற்றுச் சொடுக்கு இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது.

ஊசிக் கீறலுக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு மயிரிழை. அதில் பாதி பின்னால் வைக்க வேண்டும். போல்ட்டை மறுபடி தளர்த்துகிறேன்.