பெரியவங்க பொம்மை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூரிலிருந்து போன். சித்தப்பா மகனின் மனைவி.

"மாமா, நீங்க ஒரு தடவை வந்து இவர்கிட்ட பேசணும். கையில வச்சு ஆடுற வீடியோ கேம் மிஷின் ஒண்ணு வாங்கணுமாம். 24,000 ரூபாய்."

"பசங்களுக்காம்மா?"

"பசங்களுக்குன்னா நான் ஏன் உங்களுக்கு போன் பண்றேன்? இவருக்கு!"

தம்பிக்கு வயது 46. மூத்த பெண் காலேஜில் படிக்கிறாள். சின்னவன் பத்தாவது. தம்பிக்கு வேலை சாத்தாங்காட்டில் ஒரு வே பிரிட்ஜில், பாதி நாள் நைட் ஷிஃப்ட். அந்த மிஷின் விலை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். "நாலு நல்ல வார்த்தை சொல்லி மனசை மாத்துங்க" என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. வீட்டுக்கு மூத்தவனாகப் பிறந்தால் இதெல்லாம் சம்பளமில்லாத உத்தியோகம்.

சாத்தாங்காடு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை ஊருக்கு வெளியே நகர்த்துவதற்காக சி.எம்.டி.ஏ. உருவாக்கிய இரும்பு எஃகுச் சந்தை அங்கேதான் இருக்கிறது. கம்பி, ஆங்கிள், சேனல், தகடு என்று பார்க்கும் இடமெல்லாம் இரும்பு. பக்கத்திலேயே மணலி. ராத்திரியில் காற்று திரும்பினால் எந்தத் திசையில் எந்தத் தொழிற்சாலை என்று மூக்கே சொல்லிவிடும்.

அவன் வேலை இதுதான். காலி வண்டி வந்து மேடையில் ஏறும். எடை பார்த்து சீட்டு அடிக்க வேண்டும். லோடு ஏற்றிக்கொண்டு திரும்ப வரும். மறுபடியும் எடை, மறுபடியும் சீட்டு. ஒரு வண்டிக்கு மூன்று நிமிஷ வேலை. அடுத்த வண்டி அஞ்சு நிமிஷத்தில் வரலாம், ஒன்றரை மணி நேரம் கழித்தும் வரலாம். தூங்கவும் முடியாது. விழித்திருந்து செய்யவும் ஒன்றுமில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ச்மேன், டிரைவர், வே பிரிட்ஜ்காரர்.

நான் போனது ராத்திரி பத்து மணிக்கு. மூன்று வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். வயசு, காசு, நேரம்.

"இந்த வயசுல பொம்மையாடா?" என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரித்தான். "ராயபுரத்துல, காசிமேட்டுல போய்ப் பாருங்கண்ணா. அறுபது வயசு ஆளு பவுடர் போட்டு காரம் ஆடிக்கினு இருப்பாரு. அவரைப் போய் யாராவது குழந்தைன்னு சொல்றாங்களா?"

சொல்ல மாட்டார்கள்தான். வடசென்னையில் காரம் போர்டு தெருவுக்குத் தெரு உண்டு. இதே சென்னையிலிருந்து மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆகி, 1996-ல் அர்ஜுனா விருதும் வாங்கினார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ டிரைவரின் மகள். இன்னும் பின்னால் போனால், பழைய கோயில் மண்டபத் தரைகளில் ஆடு புலி ஆட்டத்துக்கான கட்டங்கள் கல்லிலேயே வெட்டிக் கிடக்கின்றன. உளி பிடித்துக் கருங்கல்லைச் செதுக்கியது குழந்தைகளாக இருக்க முடியாது.

அதைவிட வேடிக்கை, இந்தக் கையடக்க மிஷின் பிறந்த கதை. 1970-களின் கடைசியில் ஜப்பானில் குன்பேய் யோகோய் என்ற நிண்டெண்டோ கம்பெனி ஆள் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தாராம். எதிரே ஆபீஸ் போகிற ஒரு மனுஷன், பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். 'இவருக்குப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு விளையாட்டு கொடுத்தால் என்ன?' என்று யோகோய்க்குத் தோன்றியது. கால்குலேட்டரில் இருந்த அதே மாதிரித் திரையை வைத்து 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. 1989-ல் அவர் குழு செய்த 'கேம் பாய்' வந்தது. அதன் கலர் வகையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 12 கோடி விற்றது.

ஆக, குழந்தைகள் சமாச்சாரம் என்று நாம் நினைக்கிற பொருளுக்கு முதல் யோசனை, வேலைக்குப் போகிற ஒரு பெரியவரின் அலுப்பிலிருந்து வந்தது. வயசு வாதம் அங்கேயே விழுந்தது.

"சரி, காசு?" என்றேன்.

இங்கேதான் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே வே பிரிட்ஜ் அறையில், இதே ராத்திரி நேரத்தில், தம்பி போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். முதல் வாரம் 1,200 ரூபாய் ஜெயித்தான். அதுதான் அவனுக்குப் பிடித்த சனி. எட்டு மாதத்தில் ஒன்றே முக்கால் லட்சம் போயிற்று. மனைவியின் நாலு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போனது. போனது போனதுதான், வட்டி மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் ஒருத்தன் கதை அல்ல இது. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இதில் நொறுங்கின, தற்கொலைகள் நடந்தன. 2022-ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. தம்பி அதற்கெல்லாம் முன்னாலேயே நிறுத்திவிட்டான். சட்டத்தால் அல்ல, ஒருநாள் பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு என்னிடம் வந்து நின்றபோது ஏற்பட்ட வெட்கத்தால்.

"இதுல காசு வைக்க முடியாதுண்ணா. முதலாளி பையன் ரெண்டு நாள் அவனோடத விட்டுட்டுப் போனான், அதான் ஆடிப் பார்த்தேன். தோத்தா மறுபடி ஆடலாம், அவ்ளோதான். இன்னொண்ணு, வண்டி வந்தா ஒரு பட்டனை அழுத்தினா போதும், ஆட்டம் அப்படியே தூங்கிடும். திரும்பி வந்தா விட்ட இடத்துலயே நிக்கும். ரம்மில அது முடியாது. நேரம் ஓடிக்கினே இருக்கும். நான் சீட்டு அடிக்க எழுந்தா அங்க காசு போயிடும். எத்தனை டிரைவரை வெளிய நிக்க வச்சிருக்கேன் தெரியுமா?"

நான் யோசித்தேன். திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' 93-வது அதிகாரம், 'சூது' 94, 'மருந்து' 95. கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவில் வள்ளுவர் சூதை வைத்திருக்கிறார். விளையாட்டை மறுத்து அவர் தனியாக அதிகாரம் எழுதவில்லை. விளையாட்டையும் சூதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நாம்தான். பையன் நாலு நாள் கிரிக்கெட் ஆடினால் 'உருப்படமாட்டான்' என்கிறோம். பெரியவர் கிளப்பில் சீட்டாடினால் 'பெரிய இடத்துப் பழக்கம்' என்கிறோம்.

ஓசியில் வருகிற போன் விளையாட்டையும் விலை கொடுத்து வாங்குகிற விளையாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓசி ஆட்டம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கையை நீட்டும். விளம்பரம் பார் என்னும், வைரம் வாங்கு என்னும், நாளைக்கும் வா என்னும். விலை கொடுத்த ஆட்டம் பெரும்பாலும் ஒரு தடவை காசை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். ('பெரும்பாலும்' என்ற வார்த்தையைக் கவனிக்கவும். இவற்றிலும் சில உள்ளே போனபிறகு கை நீட்டுகின்றன.) மிஷின் விலையோடு செலவு முடிந்துவிடுவதும் இல்லை. புது ஆட்டம் ஒன்று மூவாயிரம், நாலாயிரம் ஆகும். இதைத் தம்பி மனைவியிடம் சொல்லவில்லை. நான் கேட்டபோது வண்டி வருகிறதா என்று ஜன்னல் பக்கம் பார்த்தான்.

அவனுக்குச் சாதகமாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மாஸ்கோவில் 1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் உண்டாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டம், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவது, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2015-ல் பிளிமத் பல்கலைக்கழக, குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 31 மாணவர்களிடம் ஒரு வாரம் சோதித்தார்கள். மனசு சாப்பாட்டுக்கோ சிகரெட்டுக்கோ குடிக்கோ ஏங்குகிற நேரத்தில் மூன்று நிமிஷம் டெட்ரிஸ் ஆடினால், அந்த ஏக்கத்தின் வலு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆசை மனசில் படமாக ஓடுகிறது, கட்டை அடுக்கும் வேலை அந்தப் படத்துக்கு இடம் கொடுப்பதில்லை என்பது அவர்கள் விளக்கம். 31 பேர், ஒரு வாரம் என்பது சின்னக் கணக்கு. இதை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது. தவிர, விளையாட்டே நோயாவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு, ரம்மி ஆடிப் பழகிய கையோடு, அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவன் அவன். அவனுக்கு என்ன வழி சொல்வது? 'புத்தகம் படி' என்று சொல்லலாம். சொல்லியும் பார்த்தேன். "கண்ணு சொக்குதுண்ணா" என்றான். என் புத்தகத்தைத்தான் கொடுத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேசினேன். போனது யார் வக்கீலாக, திரும்பியது யார் வக்கீலாக என்று எனக்கே குழப்பம். "இது ரம்மி மாதிரி இல்லம்மா" என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "இருக்கலாம் மாமா. ஆனா எனக்கு எப்படித் தெரியும்? அப்பவும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாரு. தலை குனிஞ்சிருக்கும், மூஞ்சில வெளிச்சம் அடிக்கும், கூப்பிட்டா காது கேக்காது. உள்ள ஓடுறது எந்த ஆட்டம்னு எனக்குத் தெரியாது. எனக்கு அந்த வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

என்னிடம் இதற்குப் பதில் இல்லை. நான் ஆராய்ச்சி சொன்னேன், வள்ளுவரைச் சொன்னேன், ஜப்பான் ரயிலைச் சொன்னேன். அவள் தன் வீட்டு ஹாலைச் சொன்னாள். காரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம், இன்னும் நாலு பேர் நின்று பார்க்கலாம். என்ன ஆடுகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். இந்த மிஷினில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். பக்கத்தில் இருப்பவருக்குக் கதவு சாத்தியே இருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். பெரியவர்கள் விளையாடலாமா என்று நான் கேட்டதே தப்பு. தாராளமாக விளையாடலாம். உபயோகமாக எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் பெரியவன் என்று யார் சொன்னது? டீக்கும் சினிமாவுக்கும் கேட்காத கணக்கை இதற்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

ஆனால், குழந்தை விளையாடினால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அப்பா காசு கொடுக்கிறார், அம்மா கலைத்ததை அடுக்குகிறாள். பெரியவன் விளையாடினால் விலையை அவனேதான் கொடுக்க வேண்டும். காசு, நேரம், பக்கத்தில் இருப்பவரின் நிம்மதி, மூன்றும் விலையில் சேர்த்தி. அப்படிக் கொடுத்துவிட்டு ஆடினால் அது பெரியவர் ஆட்டம். பில்லை இன்னொருத்தர் தலையில் கட்டினால், வயசு அறுபதானாலும் அது குழந்தை ஆட்டம்தான். அடகுக் கடையில் இருப்பது அவன் செயின் அல்ல. அந்த 24,000 ரூபாய்க்கு முதல் சொந்தக்காரி யார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அன்று ராத்திரி போன் செய்து சொன்னேன். "மிஷின் வாங்குறது தப்பே இல்லடா. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கு. உன் மேடையில காலி எடை பார்க்காம லோடு எடை பார்க்க முடியுமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் லாரி ஹாரன். "வண்டி வந்துடுச்சுண்ணா" என்று வைத்துவிட்டான். கோபமோ என்னவோ.

ஏழு மாதம் கழித்து, பொங்கலுக்கு முந்தின வாரம், திருவொற்றியூரிலிருந்து மறுபடியும் போன். அவன் மனைவிதான்.

"மாமா, செயினை மீட்டுட்டாரு. சீட்டு எடுத்து, ஓவர்டைம் காசும் போட்டு. நேத்துதான் கொண்டுவந்து கழுத்துல போட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்மா. அந்த மிஷின்?"

"அதைப் பத்திப் பேச்சே எடுக்கல. மறந்துட்டாரா, இல்ல மறந்த மாதிரி இருக்காரான்னு தெரியல." கொஞ்சம் தயங்கினாள். "நானா ஞாபகப்படுத்தவா மாமா, இல்ல வேணாமா?"

இந்தத் தடவை எனக்கு மூன்று வாதம் தேவைப்படவில்லை.

"ஞாபகப்படுத்தும்மா" என்றேன்.